எண்ணெய் மணக்கும் எட்டு நாட்கள்

யூதர்களின் ஹனுக்கா பண்டிகை எட்டு நாள். எருசலேம் ஆலயத்தை மீட்டபோது, ஒரு நாளைக்கே போதுமான எண்ணெயில் விளக்கு எட்டு நாள் எரிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் எண்ணெய்ப் பலகாரம்!

கிழக்கு ஐரோப்பிய யூதர் வழிவந்த வீடுகளில் லாட்கே செய்வார்கள். துருவிய உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துணியில் முடிந்து பிழிவது பிள்ளைகளின் வேலை. பிழிந்த நீரை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படியும். நீரை இறுத்துவிட்டு, அந்த மாவைத் திரும்பச் சேர்த்தால் லாட்கே உதிராது. இதை முதன்முதலாகப் பார்க்கும் குழந்தையின் வியப்பு எவ்வளவு அழகு! முட்டை, உப்பு கலந்து, சிறு அடைகளாகத் தட்டி, ஓரம் மொறுமொறுவென்று பொரித்து, ஆப்பிள் மசியலோடு சாப்பிடுவார்கள். இஸ்ரேலில் என்றால், ஜாம் நிரப்பிய டோனட்டான சுஃப்கானியா.

காயும் எண்ணெய்ப் பக்கம் மட்டும் பெரியவர்களே நிற்கட்டும்.