உலாவியும் விலாசமும்



கொம்பியூட்டரில் இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டுவது 'பிரவுசர்'. தமிழில் உலாவி என்போம்.

1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அன்ட்ரீசன், எரிக் பீனா இருவரும் 'மொசைக்' என்ற உலாவியைச் செய்தார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் வந்ததால் சாதாரண ஆட்களும் அதை விரும்பினார்கள். 1994இல் 'நெட்ஸ்கேப்' வந்தது. அந்த நாளில் செட்டப் கோப்பை மௌஸால் இரண்டு தரம் அமுக்கி, திரையில் கேட்பதற்குப் பதில் கொடுத்து அதைப் பதிய வேண்டும். பிறகு மோடத்தை டெலிபோன் லைனில் பூட்டி இணைப்பு எடுக்க வேண்டும்.

நெட்ஸ்கேப் 2008இல் நின்றுவிட்டது. ஆனால் பழகும் முறை மாறவில்லை. மேலே உள்ள நீளக் கட்டத்தில் விலாசத்தை அடித்து 'என்டர்' விசையை அமுக்குங்கள். பக்கம் வரும். இடப்பக்க அம்புக்குறியை அமுக்கினால் முன்பு பார்த்த பக்கத்துக்குத் திரும்பலாம்.

இதில் விலாசம்தான் முக்கியம். லயத்தில் தனி விலாசம் இல்லாமல் கடிதம் கைமாறிப் போகும் கஷ்டம் நமக்குத் தெரியும்தானே? இங்கேயும் ஓர் எழுத்து பிசகினால் வேறொருவர் வாசலில் நிற்போம். நிவாரணப் பணம் என்று போனில் வரும் இணைப்பை அமுக்கி, அடையாள அட்டை நம்பரையோ பேங்க் விபரத்தையோ கொடுத்துவிடாதீர்கள். அரசாங்கத் தளங்கள் பெரும்பாலும் 'டொட் கவ் டொட் எல்கே' என்று முடியும். பரீட்சைப் பெறுபேறு பார்க்கும் விலாசத்தைப் பாடசாலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் விலாசத்தை வாசியுங்கள். பிறகு விபரத்தைக் கொடுங்கள்.