முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒரு கடிதம்

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு உயிரியலுக்குத் தாவி, சான் டியாகோவில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். அப்போது 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் டான் எங்கல்மேன், பீட்டர் மூர். யேலுக்குக் கடிதம் போட்டார். மூரின் ஆய்வகத்தில் 'போஸ்ட் டாக்' கிடைத்தது. அங்கே பிடித்த ரைபோசோம்தான் அவரை 2009-இல் நோபல் வரை கொண்டுபோனது.

போஸ்ட் டாக் என்பது படிப்பும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. நெறியாளரின் நிழலைவிட்டு வெளியே வந்து, இன்னொருவர் ஆய்வகத்தில் தன் காலில் நின்று பழகும் இரண்டு மூன்று ஆண்டுகள். நம்மவர்கள் பலர் அரசு வேலைபோல இதற்கும் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் முதலில் பிடிக்கவேண்டியது உங்களை ஏற்கச் சம்மதிக்கும் ஒரு பேராசிரியரை.

அறிவியல், பொறியியல் துறையினருக்கு இந்தியாவில் என்.பி.டி.எஃப். என்ற தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை இருக்கிறது. 2 ஆண்டுகள், வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. வழிகாட்டியின் சம்மதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையும் அப்படித்தான். பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் இருக்கவேண்டும், நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற கணக்குக் கிடையாது. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். திட்டத்தில் பொதுவாக விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதே அந்த ஊர்ப் பேராசிரியர்தான். ஐரோப்பாவின் மேரி கியூரி திட்டம் ஒரு படி மேலே போகிறது: கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வுக்குப் போக விரும்பும் நாட்டிலேயே இருந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. உயிர் அறிவியலுக்கான எச்.எஃப்.எஸ்.பி. உதவித்தொகையோ, பழகிய துறையிலேயே நிற்பவரை விரும்புவதில்லை. கல்வியியலுக்கு இங்கே இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) உதவித்தொகை, அமெரிக்காவில் தேசியக் கல்விக் கழகத்தின் ஸ்பென்சர் உதவித்தொகை.

ஆகவே, முதல் மின்னஞ்சல்தான் உண்மையான விண்ணப்பம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, நாற்பது பேருக்கு ஒரே நகலை அனுப்பினால் நாற்பது பேரும் அழிப்பார்கள். "உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையின் மூன்றாம் வரைபடத்தில், வெப்பநிலை கூடும்போது ஏன் வளைவு சரிகிறது? என்னிடமுள்ள முறையால் அதை இப்படிச் சோதிக்கலாம்" என்று பத்து வரி எழுதிப் பாருங்கள். முடிவுத் தேதிக்கு ஐந்தாறு மாதம் முன்பே எழுதுங்கள். திட்டவரைவை இருவரும் உட்கார்ந்து தீட்ட அவகாசம் வேண்டும்.

போஸ்ட் டாக் முடித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. யேலை முடித்த வெங்கி, ஏறக்குறைய 50 இடங்களுக்கு ஆசிரியர் பணி கேட்டு எழுதினார். ஒரு நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைப்பு வரவில்லை. கையில் மிஞ்சியது ரைபோசோம் மட்டும்தான். அதை அவர் விடவில்லை.