இராமச்சந்திரன் வரைபடம்: புரத வடிவக் கணிப்பின் தொடக்கம்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் தொங்கும் மாலையைக் கையில் எடுத்தால், அது நாம் விரும்பியவாறு வளையும். புரதமும் ஒருவகை மாலையே; இருபது வகை அமினோ அமிலங்கள் அடுத்தடுத்துக் கோக்கப்பட்ட நீண்ட தொடர். ஆனால் அது நினைத்தபடியெல்லாம் வளைவதில்லை. எவ்வாறெல்லாம் வளைய இயலாது என்பதை முறையாகக் கணக்கிட்டுக் காட்டிய ஆய்வு சென்னையில் நிகழ்ந்தது.

சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்று 1955இல் வெளியிட்டார். மறுப்பு விரைந்து வந்தது. அவ்வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும். இராமச்சந்திரன் அம்மறுப்பையே ஆய்வு வினாவாக மாற்றிக்கொண்டார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? வெளியாகியிருந்த படிக ஆய்வுகளைத் திரட்டி, அணு இணை ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச இடைவெளியை வகுத்தார்கள்.

அடுத்தது, மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய படி. அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, எளிதில் திருகாது. ஆகவே ஒவ்வொரு கண்ணியிலும், நடுவிலுள்ள கார்பன் அணுவின் இருபுறப் பிணைப்புகள் மட்டுமே சுழலும். அவ்விரு சுழற்சிக் கோணங்களே பை, சை. ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றொன்றை நிலை அச்சிலும் குறித்தால், தொடரின் முதுகெலும்பு ஓரிடத்தில் கொள்ளத்தக்க நிலைகள் யாவும் ஒரே சதுரத்துள் அடங்கிவிடும். அணுக்கள் மோதிக்கொள்ளும் நிலைகளை நீக்கினால் எஞ்சுவன சில தீவுகளே. லைனஸ் பாலிங் குழுவினர் 1951இல் முன்மொழிந்த ஆல்பா சுருளும் அத்தீவுகளுள் ஒன்றில் விழுகிறது! மிகச் சிறிய பக்கக்கிளை கொண்ட கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம்.

இக்கணக்கீடுகள் மேசைக் கணக்குப் பொறியால் செய்யப்பட்டவை. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது.

இவ்வரைபடம் ஒரு புரதத்தின் முழு வடிவத்தையும் சொல்லிவிடாது. அவ்வாறு மிகைப்படுத்துவது அவருக்குப் பெருமை சேர்க்காது. இயலாதவற்றை விலக்கித் தேடும் பரப்பைச் சுருக்கியதே அதன் பணி. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் புதிய புரத வடிவம் ஒன்று ஆய்வகத்தில் தீர்க்கப்பட்டாலும் கணினியில் கணிக்கப்பட்டாலும், அதன் கோணங்கள் அத்தீவுகளுக்குள் அமைகின்றனவா என்று இன்றும் சரிபார்க்கிறார்கள்.