பால்மரம் சீவப் பிறந்த உடம்பா?

மலேசியாவின் செமோர் வட்டாரத்தில் ரப்பர் செழித்த காலத்தில் தோட்டத் துரைமார் ஒரு ‘உயிரியல்’ வைத்திருந்தார்கள்: தமிழன் அடங்கியவன், சீனன் உழைப்பாளி, மலாய்க்காரன் சோம்பேறி. எல்லாம் பிறவிக் குணமாம்! கூலியைக் குறைக்க வசதியான அறிவியல். சோம்பேறிக் கதையை சமூகவியலாளர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் நூலாகவே எழுதி உடைத்தார்.

அந்த ‘உயிரியல்’ ஏன் பொய்? 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் இரத்த வகைகளையும் புரதங்களையும் ஒப்பிட்டார். மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே கிடந்தது. இனங்களுக்கு இடையே மிஞ்சுவது சொற்பம்.

அப்படியானால் தமிழனின் அடக்கம் எப்படி வந்தது? ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணியிடம் கடன், வேலை போனால் லயத்து வீடும் போகும். இதற்கு மரபணு எதற்கு?

மரபணுவுக்கு எதிலுமே பங்கில்லை என்பதல்ல; நீரிழிவு வேறு கதை. மலேசிய இந்தியரிடையே அது மற்றவர்களைவிட அதிகம். மரபுக்கும் அதில் பங்குண்டு, சாப்பாட்டுக்கும் வருமானத்துக்கும் உண்டு.