ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைகள்: விஸ்கான்சின் மாநில விதிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 15,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றின் கரையில் வீடு வைத்திருப்போர், கரையிலிருந்து நீருக்குள் நீளும் நடைமேடை ஒன்றை அமைத்து அதில் படகைக் கட்டுவது வழக்கம். இந்த நடைமேடையே படகுத்துறை எனப்படுகிறது. இதன் அகலம், நீளம், இதில் நிறுத்தக்கூடிய படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாநிலச் சட்டம் வரையறுக்கிறது.

ஏரி யாருக்குச் சொந்தம்?

விஸ்கான்சினில் இயற்கை ஏரியின் அடிநிலம் வீட்டுக்காரருக்குச் சொந்தமன்று. மக்களின் சார்பில் மாநில அரசு அதன் அறங்காவலராக உள்ளது. படகு செல்லும் நீர்வழிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்ற கொள்கை 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்தில் உள்ளது. 1848-இல் உருவான மாநில அரசியலமைப்பிலும் அது இடம்பெற்றது. ஆண்டுதோறும் நீர் ஏறி நின்று கரையில் தடம் பதிக்கும் மட்டமே எல்லைக்கோடு. அதற்கு மேலே தனியார் நிலம். கீழே பொது நிலம். கரை நிலத்தின் உரிமையாளருக்கு நீரை அடையவும், அளவான துறை அமைக்கவும் உரிமை உண்டு. அணை கட்டித் தேக்கிய நீர்நிலைகளில் அடிநிலம் தனியாருடையதாக இருக்கலாம். ஆயினும் நீரின் மேல் பொதுமக்களின் உரிமை அங்கும் தொடர்கிறது.

துறைக்கான அளவுகள்

பின்வரும் வரம்புக்குள் அடங்கும் துறைக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை:

• அகலம் 6 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும்.
• கோடையின் தாழ்ந்த நீர்மட்டத்தில் 3 அடி ஆழமுள்ள இடம், அல்லது படகை நிறுத்தப் போதிய ஆழமுள்ள இடம், இவற்றுள் எது கரைக்குத் தொலைவோ அதுவரை நீளலாம்.
• முதல் 50 அடிக் கரைக்கு 2 படகுகள். அடுத்த ஒவ்வொரு 50 அடிக்கும் ஒரு படகு.
• அண்டை வீட்டாரின் நீர் உரிமைக்குத் தடையாக இருக்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக, 150 அடிக் கரை உள்ளவர் 4 படகுகளை நிறுத்தலாம். அளவு மீறினால் இயற்கை வளத் துறையின் அனுமதி பெற வேண்டும். மாவட்டங்களும் ஊர்களும் கூடுதல் விதிகளை வகுக்கக்கூடும். அளவுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. அண்டை மாநிலமான மினசோட்டாவில் அகல வரம்பு 8 அடி.

படகுக் கொட்டகை

1979 டிசம்பர் 16-க்குப் பிறகு நீரின் மேல் புதிய படகுக் கொட்டகை கட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. கரையில் கட்டிடங்கள் பொதுவாக நீர் எல்லைக்கோட்டிலிருந்து 75 அடி தள்ளி இருக்க வேண்டும். படகுக் கொட்டகைக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அது முழுவதும் எல்லைக்கோட்டுக்கு மேலே அமைய வேண்டும்; அதில் யாரும் குடியிருக்கக் கூடாது; குழாய் இணைப்பும் இருக்கக் கூடாது.

குளிர்காலத்தில் ஏரி உறைகிறது. பனிக்கட்டி விரிந்து நகரும்போது தூண்கள் வளைந்து உடையும். ஆகவே பலர் துறையையும் படகையும் இலையுதிர்காலத்திலேயே கரையேற்றிவிடுகின்றனர். ஓர் ஏரியில் கிடந்த துறையை வேறு ஏரிக்கு மாற்றினால், ஜீப்ரா மஸல் எனும் அயல் சிப்பி அதில் ஒட்டிக்கொண்டு பரவலாம். இதனால் மினசோட்டாவில், அவ்வாறு மாற்றும் துறையை 21 நாள் உலர்த்திய பிறகே நீரில் இறக்க வேண்டும்.

கட்டுப்பாடு ஏன்?

கரையோர ஆழமற்ற நீரில்தான் பல மீன்கள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் நீர்த்தாவரங்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. அகலமான துறையின் நிழலில் அத்தாவரங்கள் வளர்வதில்லை. கல்லும் மண்ணும் கொட்டி அடைத்த துறை நீரோட்டத்தைத் தடுத்து வண்டலைத் தேக்குகிறது.

ஒரு துறையால் ஏரி கெட்டுவிடாது என்று வாதிடலாம். பிளம் ஏரியில் அனுமதியின்றி அலைத்தடுப்பு அமைத்தவரின் வழக்கில், 1966-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. தனித்துப் பார்த்தால் சிறிதாகத் தோன்றும் அடைப்புகள் பலவாகச் சேரும்போது ஏரியையே அழிக்கக்கூடும் என்பது அதன் கருத்து. எனவே அனுமதி மறுப்புச் சரியே எனத் தீர்ப்பளித்தது. கரை முழுவதும் வீடுகள் உள்ள ஏரியில், ஒருவருக்கு அளிக்கும் சலுகையை எல்லோருக்கும் அளிக்க வேண்டிவரும். 6 அடி என்ற வரம்பு ஒரு வீட்டை மட்டும் கருதியதன்று; ஏரிக்கரை முழுவதையும் கருதியது.