17 வயதில் கிரிக்கெட்டை விட்டார்... 33 வயதில் துபாயில் 5 விக்கெட்! அடையாறு வருண் ஏறிய ஏணி எது?

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போனால் ஒரே நேரத்தில் ஏழெட்டு மேட்ச் நடக்கும். ஒரு மேட்சில் அடித்த பந்து இன்னொரு மேட்சின் பிட்ச்சில் போய் விழும். மெரினா மணலிலும் அதே கதைதான். ஓரத்தில் மகனையும், மகனை விடப் பெரிய கிட் பையையும் ஸ்கூட்டரில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, டீ குடித்தபடி நிற்கும் அப்பாக்களையும் பார்க்கலாம்.

எல்லோர் மனசிலும் ஒரே கேள்விதான். "நம்ம பையன் மேலே வருவானா? வரணும்னா எந்த வழியாப் போகணும்?"

இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். அடையாறில் படித்து வளர்ந்த வருண் சக்கரவர்த்தியின் கதையைப் பார்த்தாலே போதும். எல்லோரும் ஏறும் ஏணியில் இருந்து அவர் 17 வயதிலேயே இறங்கிவிட்டார். பிறகு வேறு பக்கமாக ஏறி வந்தார்.

மொத்தம் எத்தனை இடம்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ரஞ்சி கோப்பையில் 38 அணிகள் ஆடுகின்றன. மகாராஷ்டிரா மாநிலத்துக்கு மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று 3 அணிகள் உண்டு. குஜராத்துக்கும் குஜராத், பரோடா, சவுராஷ்டிரா என்று 3 அணிகள். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு அணிதான். கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை எத்தனை ஆயிரம் பையன்கள் ஆடினாலும் களத்தில் இறங்குவது 11 பேர்.

ஐ.பி.எல்.லில் 10 அணிகள். ஒரு அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டுக்காரர்கள் 8 பேர் வரை இருக்கலாம். எல்லா அணியும் நிரம்பினால், நாடு முழுவதும் உள்ள இந்திய வீரர்களுக்குக் கிடைப்பது சுமார் 170 இடம்தான். அதிலும் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

எல்லோரும் ஏறும் ஏணி

வழக்கமான பாதை இதுதான். முதலில் கோச்சிங் கேம்ப். அடுத்து பள்ளி அணி. பிறகு 16 வயதுக்கு உட்பட்ட மாநில அணி, 19 வயதுக்கு உட்பட்ட அணி, 23 வயதுக்கு உட்பட்ட அணி. அதற்கு மேல் ரஞ்சி. 16 வயதுப் பிரிவில் வயதைக் குறைத்துக் காட்டி ஏமாற்ற முடியாது. கை எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏணியும் இருக்கிறது. அதுதான் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக். முதல் டிவிஷனில் தொடங்கி கீழே பல டிவிஷன்கள். முதல் டிவிஷனில் ஜெயித்தால் பாளையம்பட்டி ராஜா கேடயம். கீழ் டிவிஷனில் நன்றாக ஆடும் அணி மேலே ஏறும். மோசமாக ஆடும் அணி கீழே இறங்கும். பெரிய கம்பெனிகள் நடத்தும் அணிகளும் உண்டு, நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப்புகளும் உண்டு. வயது வரம்பு தடை இல்லை. 16 வயதுப் பையனும் 40 வயது ஆபீஸ்காரரும் ஒரே மேட்சில் ஆடலாம்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எனும் டி.என்.பி.எல். வந்தது. கிளப் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தவர்கள் டி.வி.யில் தெரிய ஆரம்பித்தார்கள். ஐ.பி.எல். அணிகளுக்கு ஆள் தேடுபவர்களும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வருண் ஏறியது இந்த இரண்டாவது ஏணியில்தான்.

கீப்பர்... ஆர்க்கிடெக்ட்... பவுலர்

வருண் 1991 ஆகஸ்ட் 29-ந் தேதி கர்நாடக மாநிலம் பிதாரில் பிறந்தவர். அடையாறு சி.எல்.ஆர்.ஐ. வளாகத்தில் உள்ள கேந்திரிய வித்யாலயாவிலும், அடையாறு செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியிலும் படித்தார். 13 வயதில் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார். அப்போது அவர் பவுலர் இல்லை. விக்கெட் கீப்பர், பேட்ஸ்மேன்.

வயதுப் பிரிவு அணிகளுக்கான தேர்வில் திரும்பத் திரும்ப கழித்துக்கட்டப்பட்டார். 17 வயதில் "போதும்" என்று விட்டுவிட்டார். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்ட் படிப்பில் சேர்ந்தார். 5 வருடப் படிப்பு. முடித்துவிட்டு வீடு, கட்டிடங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தார். 2014-ல் வெளிவந்த 'ஜீவா' படத்தில் சின்ன வேடத்திலும் தலைகாட்டினார். படமும் கிரிக்கெட் பற்றியதுதான். சென்னை பையன் ஒருவன் அணியில் இடம் பிடிக்கப் படும் பாடுதான் கதை.

வார விடுமுறையில் மட்டும் டென்னிஸ் பால் கிரிக்கெட். அங்கேதான் விரலால் பந்தை விதவிதமாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது. டென்னிஸ் பால் லேசானது. வேகமாகப் போட்டால் சிக்சர் பறக்கும். பேட்ஸ்மேனை ஏமாற்றினால்தான் தப்பிக்க முடியும்.

ஆசை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு குரோம்பெஸ்ட் கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தார். இந்த முறை வேகப்பந்து ஆல்-ரவுண்டர். அங்கும் சோதனை. ஆரம்பத்திலேயே முழங்காலில் அடிபட்டது. ஓடி வந்து வேகமாகப் போட முடியாத நிலை.

கையில் வேலை இல்லை, காலில் காயம். இந்த இடத்தில்தான் பலரும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். வருண் சுழற்பந்துக்கு மாறினார். டென்னிஸ் பாலில் பழகிய வித்தையை கிரிக்கெட் பந்தில் போட்டுப் பழகினார்.

நாலாவது டிவிஷனில் 31 விக்கெட்

2017-18 சீசனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக நாலாவது டிவிஷன் லீக்கில் ஆடினார். 7 மேட்சில் 31 விக்கெட்! அப்போது அவருக்கு வயது 26. அந்த வயதில் நாலாவது டிவிஷன் ஆடுபவரை இந்திய அணிக்கு வருவார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஐ.பி.எல். அணிகளுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடும் வாய்ப்பு வந்தது. இதற்கு டி.வி. வெளிச்சம் கிடையாது, பெயர் கிடையாது. ஆனால் பேட்டோடு எதிரே நிற்பது இந்திய அணி வீரர்கள். அவர்களே தடுமாறினால் வெளியில் பேச்சு பரவும்.

2018 டி.என்.பி.எல்.லில் மதுரை பாந்தர்ஸ் அணிக்காக ஆடினார். அந்த வருடம் கோப்பையும் மதுரைக்குத்தான். அடுத்து தமிழ்நாடு அணிக்காக விஜய் ஹசாரே கோப்பையில் 9 மேட்சில் 22 விக்கெட். நவம்பரில் ரஞ்சி அறிமுகம்.

2018 டிசம்பர் 18-ந் தேதி ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். ஏலம். வருணின் அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். அணிகள் போட்டி போட்டு ஏற்ற, பஞ்சாப் அணி எடுத்தது 8 கோடியே 40 லட்சத்துக்கு! அடிப்படை விலையைப் போல 42 மடங்கு. ஒரு வருடத்துக்கு முன்பு நாலாவது டிவிஷனில் ஆடியவர், அந்த ஏலத்தில் அதிக விலை போன இருவரில் ஒருவர்.

முதல் ஓவரிலேயே 25 ரன்

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம். நிஜத்தில் கஷ்டமே இனிமேல்தான் ஆரம்பித்தது.

2019 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டனில் முதல் ஐ.பி.எல். மேட்ச். முதல் ஓவரில் 25 ரன் போனது. பிறகு காயம். அந்த சீசனில் ஆடியது அந்த ஒரே ஒரு மேட்ச்தான். பஞ்சாப் விடுவித்துவிட்டது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

2020-ல் கொல்கத்தாவுக்காக 17 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியா போகும் இந்திய டி20 அணியில் இடம் பிடித்தார். தோள்பட்டை காயத்தால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் போனவர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அந்தப் பயணத்தில் நடராஜன் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமாகி ஊர் திரும்பினார். ஒரு தமிழ்நாட்டுக்காரரின் காயம் இன்னொரு தமிழ்நாட்டுக்காரருக்குக் கதவைத் திறந்தது. விளையாட்டில் இடம் என்பது இவ்வளவுதான்.

2021 ஜூலையில் கொழும்பில் வருண் இந்திய அணிக்காக ஆடினார். அதே வருடம் டி20 உலகக் கோப்பை. 3 மேட்ச் ஆடியும் ஒரு விக்கெட்கூட கிடைக்கவில்லை. அணியில் இருந்து தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு மிரட்டல் போன்கள் வந்ததாகவும், மனசு உடைந்து போனதாகவும் 2025-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மீண்டும் முதலில் இருந்து

30 வயதில் மறுபடியும் ஆரம்பம். பந்தைப் பக்கவாட்டில் சுழற்றி வந்தவர், மேலிருந்து கீழாகச் சுழற்றும் விதத்துக்கு மாறினார். கேட்பதற்கு சின்ன மாற்றம். ஆனால் கை பல வருடமாகப் பழகியதை மறந்து புதிதாகப் பழக வேண்டும். பந்து பிட்ச் ஆனதும் கூடுதலாக எழும்பும், அதுதான் பலன்.

ஐ.பி.எல்.லில் 2023-ல் 20 விக்கெட், 2024-ல் 21 விக்கெட். 2024 மே 26-ந் தேதி கொல்கத்தா அணி கோப்பையைத் தூக்கியது. இறுதிப்போட்டி நடந்தது எங்கே தெரியுமா? சேப்பாக்கத்தில்! அடையாறில் இருந்து கடற்கரைச் சாலை வழியாகப் போனால் சில கிலோ மீட்டர்தான். அந்த தூரத்தைக் கடக்க அவருக்கு இத்தனை வருடம் ஆனது.

2024 அக்டோபரில் மூன்று வருடம் கழித்து இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 பிப்ரவரியில் கட்டாக்கில் ஒருநாள் போட்டி அறிமுகம். மார்ச் 2-ந் தேதி துபாயில் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். அது அவருக்கு இரண்டாவது ஒருநாள் போட்டிதான், வயது 33! ஒரு வாரம் கழித்து கோப்பையும் இந்தியாவுக்கு வந்தது. அதே வருடம் செப்டம்பரில் டி20 பவுலர்கள் தரவரிசையில் உலகின் நம்பர் ஒன் இடத்தையும் பிடித்தார்.

அஸ்வினும் மாறினார், தினேஷும் காத்திருந்தார்

ஆரம்பித்த வேலையிலேயே எல்லோரும் முடிப்பதில்லை. மேற்கு மாம்பலத்துக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வின் சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளி மாணவர். சின்ன வயதில் அவர் தொடக்க பேட்ஸ்மேன். பிறகுதான் ஆப் ஸ்பின்னர் ஆனார். 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் சர்வதேசப் போட்டிகளில் இருந்து ஓய்வு பெற்றார்.

விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக் இன்னொரு பாடம். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்திய அணிக்கு ஆடிவிட்டார். டோனி வந்தது அதற்கு 3 மாதம் கழித்துத்தான். ஆனால் கீப்பருக்கு ஒரே இடம், அதை டோனி பிடித்துக்கொண்டார். தினேஷ் சும்மா இருக்கவில்லை. பேட்ஸ்மேனாக ஆடினார், கடைசி ஓவர்களில் அடித்து ஆடுபவராகத் தன்னை மாற்றிக்கொண்டார். 2018 மார்ச்சில் கொழும்பில் கடைசிப் பந்தில் சிக்சர் அடித்து வங்கதேசத்திடம் இருந்து கோப்பையைப் பறித்தது அவர்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்கக் கால்பந்தில் 'குவார்ட்டர்பேக்' என்று ஒருவர் இருப்பார். பெயர்தான் கால்பந்து, அவர் பந்தைக் கையால்தான் எறிவார். அணியையே நடத்துவது அவர்தான். 32 அணி, ஒரு அணிக்கு ஒருவர், ஆக 32 பேருக்குத்தான் வேலை. கல்லூரி அணியில் ஆடுபவர்களை வருடா வருடம் வரிசையாகத் தேர்வு செய்வார்கள். 2000-ம் வருடம் அப்படி 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி 7 முறை சாம்பியன் ஆனார். கர்ட் வார்னர் என்பவரை யாருமே எடுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். சின்ன லீக்குகளில் ஆடி மேலே வந்து, 2000 ஜனவரியில் சாம்பியன் பட்டம் வென்றார்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கல்லூரி என்பது விளையாட்டு ஏணியிலேயே ஒரு படி. இங்கே பல வீடுகளில் படிப்பா, கிரிக்கெட்டா என்று பத்தாம் வகுப்பிலேயே பையனை முடிவு எடுக்கச் சொல்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு...

ரஞ்சியில் புதிதாக ஆடுபவருக்கு நாளொன்றுக்கு 40 ஆயிரம் ரூபாய் சம்பளம். 40 மேட்சுக்கு மேல் ஆடியவருக்கு 60 ஆயிரம். களத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்தால் அதில் பாதி. நல்ல பணம்தான். ஆனால் ரஞ்சி சீசன் வருடத்தில் சில மாதம்தான், அணியில் இடம் இருந்தால்தான்.

16 வயது செலக்‌ஷனில் பெயர் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. லீக் இருக்கிறது, டி.என்.பி.எல். இருக்கிறது. பேட்டிங் வரவில்லை என்றால் பந்து போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு வருணுக்குப் பின்னால், நாலாவது டிவிஷனிலேயே நின்றுபோனவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

வருண் வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தபோது அவர் கையில் ஆர்க்கிடெக்ட் பட்டம் இருந்தது. முழங்காலில் அடிபட்ட அன்று கிரிக்கெட் அவரைக் கைவிட்டிருந்தால்கூட, மறுநாள் உட்கார்ந்து வீட்டுக்குப் பிளான் போட்டிருக்க முடியும். மகனை ஸ்கூட்டரில் கொண்டு வந்து இறக்கிவிடும் அப்பாக்கள், கிட் பையோடு புத்தகப் பையையும் மறக்காமல் இருப்பது நல்லது.