நெஞ்சறைக்குள்ளே (9): முதுகில் தெரியும் நுரையீரல் நோய்

கரைவலை இழுப்பவருக்கு முதுகு நொந்தால் ஒலுவிலில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. எண்ணெய் தேய்ப்பார்கள், பிளாஸ்டர் ஒட்டுவார்கள், ஒரு கிழமை வேலைக்குப் போகமாட்டார்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் நெடுங்காலம் சிகரட் குடித்த ஒருவருக்கு, படுத்தாலும் குறையாமல் இரவு நித்திரையைக் கெடுக்கும் முதுகுவலி வந்தால், அது எலும்புக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோயாகவும் இருக்கலாம்; நெஞ்சையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் திசுவுக்குள் வலியை உணரும் நரம்பு இல்லை. சுற்றியுள்ள புடைச்சவ்வைத் தொடும்வரை கட்டி நோகாமலே வளரலாம். அமெரிக்கப் பதிவுகளின்படி, இந்நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தூர உறுப்புகளுக்குப் போய்விட்டிருக்கிறது.

இப்படித் தூரம் போவதற்கு இரத்தம் ஓடும் வழியும் ஒரு காரணம். குடலில் இருந்து வரும் இரத்தம் ஈரலுக்கூடாகத்தான் இதயத்துக்குத் திரும்பும். அதனால் குடற்புற்றுநோய்க் கலங்கள் பல ஈரலிலேயே தங்கிவிடும். நுரையீரலுக்கு அப்படியொரு தடை கிடையாது. நுரையீரல் நாளம், இடது இதயம், பெருநாடி, பிறகு உடம்பெங்கும். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்காவது மூளைக்குப் போகிறது. வேறிடத்திலிருந்து மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரலே முதலிடத்தில் இருக்கிறது.

என்றாலும் இரத்தம் போகுமிடமெல்லாம் கட்டி வருவதில்லை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்த லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பாஜெட், 1889இல் இதை விதையும் மண்ணும் என்று விளக்கினார். வெள்ளாமை செய்யும் நம்மவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நெல்லை எங்கும் வீசலாம், உவர் நிலத்தில் பயிர் எழும்பாது. இந்நோய்க்கு வாய்த்த மண் மூளை, எலும்பு, ஈரல், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பி, மற்றப் பக்க நுரையீரல்.

எலும்பில் நடப்பது கொடுமையானது. பழைய எலும்பை அரித்துப் புதுப்பிக்க உடம்பே வைத்திருக்கும் கலங்களைப் புற்றுக் கலங்கள் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரைய, இரத்தத்தில் கல்சியம் ஏறுகிறது. தாகம், மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம் வருகின்றன. முள்ளெலும்பு நொறுங்கி முண்ணாணை அழுத்தினால் கால்கள் சோரும், சிறுநீர் அடைபடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிந்தினால் நடை திரும்பாமலே போகலாம். இப்படியான முதுகை மிதித்து உருவுவதும் ஆபத்து.

எலும்புக்குப் போனாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள் என்றதும் எல்லாம் முடிந்தது என்று வீடே இடிந்துபோகிறது. அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். எலும்பு வலியைக் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலானோருக்குக் குறைக்கிறது. பரவிய பிறகும் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இன்று இருக்கின்றன.

சிகரட்டைத் தொடாதவர்களுக்கும், பெண்களுக்கும் இந்நோய் வரும். ஆனாலும் டொக்டருக்கு முதல் தடயம் புகைதான். வாப்பாவையோ காக்காவையோ அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ முதுகுவலி என்று கூட்டிப்போனால், எத்தனை வருடம் குடித்தார், நாளைக்கு எத்தனை என்பதை டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.